வெள்ளிநாவர் சீனிவாச சாஸ்திரியார்

அயல்மொழி ஒன்றைப் பிழையறப் பேசுவதையே வாழ்நாள் நோன்பாகக் கொண்டு, அம்மொழிக்குரியோரே வியக்கும் நிலையை எய்தியவர் வலங்கைமான் சங்கரநாராயண சீனிவாச சாஸ்திரியார். 1869 செப்டம்பர் 22ஆம் நாள் தஞ்சை மாவட்டத்து வலங்கைமானில் ஏழைப் புரோகிதர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். கும்பகோணத்தில் பயின்று, மாயவரத்திலும் சேலத்திலும் ஆசிரியப்பணி ஆற்றிய பின்னர், சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியரானார்.

அவருக்கு அமைந்த பதவிகள் பல. எனினும் அவர் இறுதிவரை ஆசிரியராகவே இருந்தார் என்பதே பொருந்தும். பீங்கான் சூளைகள் நிறைந்த விருத்தாசலத்தில், விரிசல் கண்ட கலத்தை விரலால் தட்டி அதன் ஓசையைக் கொண்டே அறிந்துவிடுவர். சாஸ்திரியாரின் செவியும் அத்தகையது. இடம் மாறிய ஒரு முன்னிடைச்சொல்லும், அழுத்தம் தவறிய ஓர் அசையும் அவரை உறுத்தின. மிகைச்சொல்லை அதனினும் பெரிய குற்றமாக எண்ணினார். உணர்ச்சி உண்மையைக் கடந்து செல்லும்போது சொல்லும் பொய்யாகிவிடும் என்பதே அவர் கொண்டிருந்த இலக்கணம். பட்டியல் போட்டு அடைமொழி அடுக்கும் மேடைகளுக்குப் பழகிய நமக்கு இது சற்றே கசக்கலாம்.

1907இல் கோகலே நிறுவிய இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்தார். 1915இல் கோகலே மறைந்தபின் அதன் தலைமையை ஏற்றார். 1918இல் அச்சங்கத்தின் சார்பில் ஆங்கில வார இதழைத் தொடங்கி இதழாசிரியருமானார். 1919 பிப்ரவரியில் ரௌலட் மசோதாவை எதிர்த்துப் பேரரசுச் சட்டமன்றத்தில் அவர் ஆற்றிய உரையில் வசைச்சொல் இல்லை. ஆயினும் ஆட்சியாளர் தம் மொழியிலேயே தம் குற்றத்தைக் கேட்க நேர்ந்தது. பேரரசின் வெள்ளிநாப் பேச்சாளர் என்னும் பெயர் அவருக்கு நிலைத்தது. 1927 முதல் 1929 வரை தென்னாப்பிரிக்காவில் இந்திய அரசின் முதல் முகவராக இருந்து, அங்குள்ள இந்தியர்க்காக வாதாடினார். டர்பன் நகரின் சாஸ்திரி கல்லூரி அவர் பெயர் தாங்கியது. 1928இல் வந்த சர் பட்டத்தை ஏற்க மறுத்துவிட்டார்.

1935 முதல் 1940 வரை அவர் வாழ்ந்தது நம் தென்னார்க்காட்டு மண்ணில். சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் பொறுப்பில் இருந்தார். தமிழ்க்கல்வி செழித்துவந்த அவ்வளாகத்தில் ஆங்கிலச் செம்மையின் காவலர் அமர்ந்திருந்தது எண்ணிப் பார்க்கத்தக்க காட்சி.

தமிழர் அவர்மீது கொண்ட மனக்குறையையும் இங்கே மறைத்தல் ஆகாது. 1940இல் சென்னை அரசு அமைத்த கலைச்சொற் குழுவுக்கு அவரே தலைவர். வடமொழிச் சார்பு கொண்ட குழு இது எனத் தமிழறிஞர் கிளர்ந்தெழுந்தனர். 1938இலேயே சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் தமிழ்ச்சொற்களால் ஒரு கலைச்சொல் தொகுதி வெளியிட்டிருந்த நிலையில், அவ்வெழுச்சி நியாயமானதே. ஆங்கிலத்தில் அயற்சொல் உறுத்தலை நுட்பமாக உணர்ந்த செவி, தாய்மொழியின் உறுத்தலை அதே அளவில் உணர்ந்ததாகத் தெரியவில்லை. 1944இல் மயிலாப்பூரில் இராமாயணம் பற்றி அவர் நிகழ்த்திய தொடர் சொற்பொழிவுகளும் வான்மீகியைப் பற்றியவை, ஆங்கிலத்தில் அமைந்தவை. இராமனைத் தெய்வமாக்காமல் மனிதனாக நிறுத்திக் காட்டிய அப்பேருரைகள் கம்பன் பிறந்த தஞ்சை மண்ணின் மைந்தரால் தமிழில் நிகழ்த்தப்பெற்றிருந்தால், நம் உரைநடைக்கு எத்துணை ஊட்டம் கிடைத்திருக்கும்!

அரசியலில் காந்தியடிகளும் அவரும் எதிரெதிர் நின்றனர். ஒத்துழையாமையைச் சாஸ்திரியார் ஒருபோதும் ஏற்கவில்லை. காங்கிரசை விட்டு மிதவாதிகளோடு நின்றார். ஆயினும் தம்மினும் பத்து நாள் மூத்த அவரைக் காந்தியடிகள் உடன்பிறப்பாகவே விளித்துக் கடிதம் எழுதிவந்தார். குஜராத்தியில் எழுதிய தன்வரலாற்றை மகாதேவ தேசாய் ஆங்கிலமாக்க, அது 1927இலும் 1929இலும் இரு தொகுதிகளாக வந்தது. 1940இல் மறுபதிப்பு வந்தபோது, மொழி முழுதும் ஆங்கிலப் புலமைமிக்க ஒரு பெரியவரால் திருத்தப்பெற்றது. தம் பெயரை எவ்வகையிலும் வெளியிடலாகாது என்பதே அவர் விதித்த நிபந்தனை. அவர் சாஸ்திரியாரே என்பதைப் பிற்கால ஆய்வாளர் கண்டு கூறினர். தாம் ஏற்காத போராட்டத்தின் தலைவருடைய நூலுக்கு, வரிவரியாக, கூலியும் புகழும் இன்றி உழைத்திருக்கிறார்.

1946 ஜனவரியில் காந்தியடிகள் சென்னைக்கு வந்தபோது, மருத்துவமனையில் நோயுற்றுக் கிடந்த சாஸ்திரியாரைச் சென்று கண்டார். அவ்வாண்டு ஏப்ரல் 17ஆம் நாள் சாஸ்திரியார் மறைந்தார். அந்நூலின் முன்னுரையில் திருத்தியவர் பெயர் இன்றளவும் இல்லை.