அரசுக்கே கடிவாளம் போட்ட ஒரு தீர்ப்பு... யார் இந்த ஜான் மார்ஷல்?

நாடாளுமன்றம் போட்ட சட்டத்தை நீதிமன்றம் ரத்து செய்வது நமக்குப் பழகிப்போன செய்தி. ஆனால், அமெரிக்க அரசியலமைப்பில் இந்த அதிகாரம் வெளிப்படையாக எழுதப்படவே இல்லை. அதை நிலைநாட்டியவர்தான் ஜான் மார்ஷல்.

1755-ல் வர்ஜீனியாவில், 15 பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார். பள்ளிப் படிப்பு கொஞ்சம்தான். சுதந்திரப் போரில் சண்டை போட்டார். பிறகு வழக்கறிஞர், வெளியுறவு அமைச்சர். 1801-ல் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி!

என்ன பிரச்னை?

தேர்தலில் தோற்ற அதிபர் ஜான் ஆடம்ஸ், பதவியின் கடைசி நாட்களில் பலரை நீதித்துறைப் பதவிகளில் அவசர அவசரமாக நியமித்தார். அவர்களில் ஒருவர் வில்லியம் மார்பரி. நியமன ஆணையில் முத்திரை விழுந்துவிட்டது, ஆனால் கைக்குப் போய்ச் சேரவில்லை. புதிய அதிபர் தாமஸ் ஜெஃபர்சன் அதைத் தடுத்துவிட்டார். மார்பரி உச்ச நீதிமன்றப் படியேறினார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த ஆணையை அனுப்பி வைத்திருக்க வேண்டியவரே, அப்போது வெளியுறவு அமைச்சராகவும் இருந்த மார்ஷல்தான்! அவரே வழக்கை விசாரித்தது சரியா என்ற கேள்வி இன்னும் ஓயவில்லை.

இரண்டு பக்கமும் இடி

ஆணையைக் கொடுக்கச் சொன்னால், ஜெஃபர்சன் அரசு கண்டுகொள்ளாமல் விட்டுவிடலாம். நீதிமன்றத்திடம் படையா இருக்கிறது? பேசாமல் விட்டால், பயந்துட்டாங்க என்ற பேச்சு வரும். ஏற்கெனவே 1802-ல் நீதிமன்றத்தின் அமர்வையே நாடாளுமன்றம் சட்டம் போட்டு ரத்து செய்திருந்தது.

1803 பிப்ரவரி 24: தீர்ப்பு

பதவி பெற மார்பரிக்கு உரிமை உண்டு, தராதது தவறு என்றார் மார்ஷல். ஆனால், அவர் நேரடியாக உச்ச நீதிமன்றத்துக்கு வர வழி செய்த 1789-ம் ஆண்டு சட்டப்பிரிவு, அரசியலமைப்புக்கு முரணானது. அதனால் செல்லாது என்று அறிவித்தார்.

மார்பரிக்குப் பதவி கிடைக்கவில்லை. உத்தரவே போடாததால், ஜெஃபர்சனுக்கு மீறவும் வழியில்லை. ஆனால், சட்டம் செல்லுமா செல்லாதா என்று சொல்லும் உரிமை நீதிமன்றத்துக்கு வந்துவிட்டது.

இந்தியாவில் எப்படி?

அடிப்படை உரிமைகளைப் பறிக்கும் சட்டம் செல்லாது என்று நம் அரசியலமைப்பின் 13-வது பிரிவே சொல்கிறது. அங்கே தீர்ப்பில் வந்தது, இங்கே எழுத்திலேயே இருக்கிறது.

1835-ல் இறக்கும் வரை, 34 ஆண்டுகள் மார்ஷல் தலைமை நீதிபதியாக இருந்தார். அத்தனை காலத்தில் நாடாளுமன்றச் சட்டத்தை அவரது நீதிமன்றம் செல்லாது என்றது இந்த ஒரே ஒருமுறைதான்.