மனநோயாளியின் பேச்சைக் காது கொடுத்துக் கேட்ட டாக்டர் போஸ்

தங்கவயல் லயன் வீடுகளில் யாருக்காவது மனம் பேதலித்துவிட்டால் வழக்கமாக நடப்பது ஒன்று உண்டு. முதலில் காத்து கருப்பு என்பார்கள். தாயத்து கட்டுவார்கள், வேப்பிலை அடிப்பார்கள். சிலர் திருச்சிப் பக்கம் குணசீலம் கோவிலுக்கு அழைத்துப் போவார்கள். எதற்கும் அடங்காவிட்டால், அக்கம்பக்கத்துக்குத் தெரியாமல் விடியற்காலை மாரிக்குப்பம் ரயிலில் ஏற்றி, பெங்களூர் ஓசூர் ரோட்டில் உள்ள மனநல ஆஸ்பத்திரியில் கொண்டு சேர்ப்பார்கள். உறவினர் விசாரித்தால், மஞ்சள் காமாலை என்று சொல்லி வைப்பார்கள்.

காய்ச்சலுக்குச் சீட்டு வாங்குகிற பொது ஆஸ்பத்திரியிலேயே மனநோய்க்கும் சீட்டு வாங்கி, டாக்டரைப் பார்த்துவிட்டு, அன்றே வீடு திரும்பலாம் என்கிற ஏற்பாடு இந்தியாவில் 1933-ம் ஆண்டு கல்கத்தாவில் தொடங்கியது. அதைத் தொடங்கியவர் டாக்டர் கிரீந்திரசேகர் போஸ்.

போஸ் என்றதும் நம்மவர்களுக்கு நேதாஜி நினைவுக்கு வருவார். படித்தவர்களுக்குச் செடி கொடிகளை ஆராய்ந்த ஜகதீச சந்திர போஸ் நினைவுக்கு வருவார். இவர் மூன்றாவது போஸ். மனித மனத்தை ஆராய்ந்தவர்.

திவான் வீட்டுக் கடைக்குட்டி

கிரீந்திரசேகர் 1887-ம் ஆண்டு ஜனவரி 30-ந் தேதி பிறந்தார். தந்தை சந்திரசேகர் போஸ், தர்பங்கா மகாராஜாவிடம் திவானாக இருந்தவர். வீட்டுக்கு இவர் கடைசிப் பிள்ளை. அண்ணன் ராஜசேகர் போஸ், பரசுராம் என்ற புனைபெயரில் நகைச்சுவைக் கதைகள் எழுதி வங்காளத்தையே சிரிக்க வைத்தவர். தம்பியும் எழுத்தில் சளைத்தவர் அல்ல. எறும்புகளின் சண்டையை வைத்து அவர் எழுதிய சிறுவர் கதையை வங்காளப் பிள்ளைகள் இன்றும் படிக்கிறார்கள்.

கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் படிக்கும்போதே அவருக்கு மாய வித்தையிலும் மனோவசியத்திலும் நாட்டம் இருந்தது. 1910-ல் டாக்டர் பட்டம் பெற்றதும் மனோவசியத்தைச் சிகிச்சையாகவே செய்து பார்த்தார். உறக்க நிலையில் ஆழ்த்தி, வலி இல்லை, பயம் இல்லை என்று சொன்னால் சிலருக்கு நோய் அடங்கியது. சில நாளில் திரும்பவும் வந்தது. வேரைத் தொடாமல் இலையைக் கிள்ளுகிறோம் என்பது அவருக்குப் புரிந்தது.

அந்த நேரத்தில்தான் ஆஸ்திரியாவின் வியன்னா நகரில் டாக்டர் சிக்மண்ட் பிராய்டு செய்துவந்த புதிய முறை பற்றிய செய்தி அவருக்கு எட்டியது. பிராய்டின் நூல்கள் ஆங்கிலத்தில் அரிதாகவே கிடைத்த காலம் அது. சொல்லித்தர ஆசானும் இல்லை. படித்ததைக் கொண்டும், தம் நோயாளிகளைக் கொண்டும் தாமே பாதை வெட்டினார்.

தொழில் நடத்திக்கொண்டிருந்த டாக்டர், முப்பது வயதில் மறுபடியும் மாணவரானார். கல்கத்தா பல்கலைக்கழகம் புதிதாகத் தொடங்கிய மனோதத்துவத் துறையில் சேர்ந்து 1917-ல் எம்.எஸ்சி. தேறினார். அங்கேயே ஆசிரியரானார். 1921-ல் மனோதத்துவத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். இந்தியாவில் அந்தத் துறையில் அப்பட்டம் பெற்ற முதல் மனிதர் அவரே.

நோய் எங்கே இருக்கிறது?

கை விளங்கவில்லை என்று ஒருவர் வருகிறார். நரம்பில் குறை இல்லை, எலும்பில் குறை இல்லை. ஆனால் கை தூக்க முடியவில்லை. இன்னொருவர் ஒரு நாளைக்கு நூறு தடவை கை கழுவுகிறார். கழுவாமல் இருக்க அவரால் முடிவதில்லை. இவர்கள் நடிக்கிறார்கள் என்று அந்நாளில் பல டாக்டர்கள் விரட்டிவிடுவார்கள். பேய் என்று மந்திரவாதி சொல்வார்.

வெளியே சொல்ல முடியாத ஆசையையும் அச்சத்தையும் மனிதன் தன் மனத்தின் அடியில் அமுக்கி வைக்கிறான், அமுக்கப்பட்டது சாகாமல் வேறு வழியில் நோயாக வெளிப்படுகிறது என்பது பிராய்டின் விளக்கம். போஸ் இதனுடன் தம் கருத்து ஒன்றைச் சேர்த்தார். ஒவ்வொரு ஆசைக்கும் எதிரான ஆசை ஒன்று கூடவே பிறக்கிறது. அடிக்க நினைப்பவன் மனத்தில் அடிபடும் நினைப்பும் எங்கோ இருக்கிறது. ஒன்று மேலே நிற்க, மற்றது அடியில் கிடக்கிறது. இரண்டின் இழுபறியே நோய் என்றார்.

மானேஜரைக் கண்டாலே உடம்பு நடுங்கும் குமாஸ்தா ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். போஸின் முறைப்படி, அந்தக் குமாஸ்தா தன்னையே மானேஜராகக் கற்பனை செய்து பார்க்க வேண்டும். நாற்காலியில் அமர்ந்து, எதிரே நிற்பவனை மிரட்டுவதாக எண்ண வேண்டும். ஏற்றம் போல மனம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஏறி இறங்கும்போது, அடியில் கிடந்தது மேலே வரும். நோயாளி அதைத் தானே கண்டுகொள்வார். இது ஒரு நாளில் நடப்பதல்ல. மாதக்கணக்கில் பேச வேண்டும், டாக்டர் பொறுமையாகக் கேட்க வேண்டும்.

பார்க்காத முகம்

தம் ஆராய்ச்சி நூலை போஸ் வியன்னாவுக்கு அனுப்பினார். அவ்வளவு தூரத்தில், தன் உதவி இல்லாமலே ஒருவர் இப்படி எழுதியிருக்கிறாரே என்று பிராய்டுக்கு வியப்பு. கடிதப் போக்குவரத்து பல ஆண்டு நீடித்தது. ஓவியர் ஜதீந்திர குமார் சென், பிராய்டின் புகைப்படத்தைக்கூடப் பார்க்காமல் கற்பனையில் வரைந்த படம் ஒன்றை போஸ் அவருக்கு அனுப்பி வைத்தார். படத்தில் தாம் அசல் ஆங்கிலேயராக இருப்பதைக் கண்டு பிராய்டுக்கு வேடிக்கையாக இருந்ததாம். 1931-ல் பிராய்டின் 75-வது பிறந்தநாளுக்குக் கல்கத்தாவிலிருந்து தந்தத்தில் செய்த விஷ்ணு சிலை பரிசாகப் போயிற்று. அதை அவர் தம் மேஜையில் வைத்துக்கொண்டார். இருவரும் கடைசி வரை சந்திக்கவே இல்லை.

மரியாதை இருந்தது, ஆனால் தலையாட்டல் இல்லை. மகனுக்குத் தந்தையிடம் ஏற்படும் அச்சத்தை வைத்து பிராய்டு பெரிய கோட்பாடே கட்டியிருந்தார். ஐரோப்பிய நோயாளிகளிடம் காணும் அளவுக்கு அந்த அச்சத்தை இந்திய நோயாளிகளிடம் தாம் காணவில்லை என்று போஸ் எழுதினார். பிராய்டு ஒப்பவில்லை. போஸும் பின்வாங்கவில்லை.

இது ஏதோ பண்டிதர்களின் வாதம் என்று தள்ளிவிட முடியாது. 1922-ல் கல்கத்தா பார்சிபகான் சந்தில் உள்ள தம் வீட்டில் போஸ் இந்திய மனப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கினார். அதில் வெள்ளைக்கார ராணுவ டாக்டர்களும் இருந்தார்கள். அந்தக் காலத்தில்தான் டேலி என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி, இந்தியப் புரட்சியாளர்களின் போக்கையே மனக்கோளாறாக விளக்கிக் கட்டுரை எழுதினார். விடுதலை கேட்பவன் நோயாளி என்றால், யார் நோயாளி என்று தீர்மானிக்கும் கோல் யார் கையில் இருக்கிறது என்பது சாதாரணக் கேள்வியா? போஸ் அரசியல் மேடை ஏறியவர் அல்ல. ஆனால் இந்திய மனத்தை இந்திய நோயாளியிடமிருந்தே அறிய வேண்டும் என்பதில் உறுதியாக நின்றார்.

பூட்டு இல்லாத வாசல்

அன்று நடப்பில் இருந்தது 1912-ம் ஆண்டுப் பைத்தியச் சட்டம். மனநோயாளி பெரும்பாலும் போலீஸ், மாஜிஸ்திரேட் உத்தரவு என்ற வழியாகத்தான் ஆஸ்பத்திரிக்குள் போக வேண்டும். உள்ளே போனவர் திரும்புவது அரிது. அந்தச் சட்டம் நீங்கி 1987-ல் புதுச் சட்டமும், 2017-ல் மற்றொன்றும் வந்தன.

அந்தச் சூழ்நிலையில்தான் 1933-ல் கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில் போஸ் வெளிநோயாளிப் பிரிவு திறந்தார். இன்று ஆர்.ஜி.கர் கல்லூரி என்று அழைக்கப்படுவது அதுதான். போலீசும் இல்லை, பூட்டும் இல்லை. 1940-ல் அண்ணன் ராஜசேகர் தந்த இடத்தில் லும்பினி பார்க் மனநல ஆஸ்பத்திரியும் உருவாயிற்று.

எல்லா நோயும் பேச்சில் தீர்ந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மனச்சிதைவு போன்ற கடும் நோய்களுக்கு அவருடைய முறை போதவில்லை. மூளையின் ரசாயனம், பரம்பரை, வாழ்க்கைத் துன்பம் எல்லாம் சேர்ந்தே நோயை உண்டாக்குகின்றன என்பது இன்றைய டாக்டர்களின் கருத்து. பிராய்டின் கொள்கைகளில் பலவற்றை இன்று பலர் ஏற்பதில்லை. கடும் நோயை அடக்கும் குளோர்புரோமசின் என்ற மருந்து பாரிஸ் நகரில் பயனுக்கு வந்தது 1952-ல். அது இந்திய ஆஸ்பத்திரிகளில் பரவியதை போஸ் பார்க்கவில்லை. 1953-ம் ஆண்டு ஜூன் 3-ந் தேதி, 66-வது வயதில் அவர் காலமானார்.

அடுத்த ஆண்டு, 1954-ல், பெங்களூரில் அகில இந்திய மனநல நிலையம் தொடங்கப்பட்டது. பழைய மைசூர் அரசு மனநோய் ஆஸ்பத்திரியுடன் 1974-ல் அது இணைக்கப்பட்டு, நிம்ஹான்ஸ் என்ற பெயர் பெற்றது. தங்கவயல்காரர்கள் விடியற்காலை ரயிலேறிப் போவது அங்கேதான். அங்கும் வெளிநோயாளிச் சீட்டு உண்டு. பார்த்துவிட்டு மாலை ரயிலில் வீடு திரும்பலாம்.