கோடைக்கானல் மலையில் ஒரு நட்சத்திர விஞ்ஞானி

வானத்தில் ஒரு சிவந்த நட்சத்திரம் மின்னுகிறது. அது அருகில் உள்ள சிறிய விளக்கா? தொலைவில் உள்ள பெரிய விளக்கா? கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதைக் கண்டறிய வழி காட்டியவர்களில் ஒருவர், சென்னையில் பிறந்த வைனு பாப்பு.

வால் நட்சத்திரம்

பாப்பு 1927-ம் ஆண்டு ஆகஸ்டு 10-ந் தேதி பிறந்தார். தந்தை ஐதராபாத் நிஜாமியா வானாராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தார். மகனுக்கும் வானத்தின் மேல் ஆசை பிறந்தது. மேல் படிப்புக்கு அமெரிக்கா சென்றார். மாணவராக இருந்தபோதே, 1949-ல், புதிய வால் நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார். அதற்கு அவர் பெயரும் சூட்டப்பட்டது.

கிழ நட்சத்திரம்

நட்சத்திரத்துக்கும் பிறப்பு, முதுமை, இறப்பு உண்டு. பெரிய நட்சத்திரம் தன்னிடம் உள்ள ஹைட்ரஜனை வேகமாகச் செலவழித்துவிடும். சிறியது சிக்கனமாக எரியும். பிரபஞ்சம் தோன்றிச் சுமார் 1,380 கோடி ஆண்டுகள் ஆகின்றன. ஆரம்ப காலத்தில் பிறந்த சிறு நட்சத்திரங்கள் பல இன்னும் எரிகின்றன! சூரியனைப் போன்றவை முதுமையில் வீங்கிச் சிவக்கும். பிறகு மேல் அடுக்குகளை இழந்து, சிறு வெள்ளை நட்சத்திரமாகச் சுருங்கும்.

வீங்கிய கிழ நட்சத்திரமும், சிறு நட்சத்திரமும் ஒரே நிறத்தில் தெரியலாம். எப்படி அடையாளம் காண்பது?

வில்சன் என்ற அமெரிக்க விஞ்ஞானியும் பாப்புவும் 1957-ல் விடையை வெளியிட்டனர். நட்சத்திர ஒளியை வானவில் போலப் பிரித்தால், கால்சியத்தைக் காட்டும் கறுப்புக் கோடு தெரியும். அதன் நடுவில் உள்ள ஒளிக்கீற்று அகலமாக இருந்தால் அது பெரிய விளக்கு. ஒடுங்கி இருந்தால் சிறிய விளக்கு. உண்மையான ஒளி தெரிந்தால் தூரத்தையும் கணக்கிடலாம். இதற்கு 'வில்சன்-பாப்பு விளைவு' என்று பெயர்.

கோடையிலிருந்து காவலூர்

1960-ல் பாப்பு கோடைக்கானல் வானாராய்ச்சி நிலையத்தின் தலைவரானார். 1899-ல் ஏற்பட்ட அந்த நிலையம், சூரிய ஆராய்ச்சிக்குப் பெயர் பெற்றது. ஆனால் இரவில் நட்சத்திரங்களைப் பார்க்க மேகமும் மூடுபனியும் தடையாக இருந்தன. எனவே வேறு மலை தேடினார். ஜவ்வாது மலையில் உள்ள காவலூரைத் தேர்ந்தெடுத்தார்.

1972-ல் அங்கே ஒரு மீட்டர் டெலஸ்கோப் வந்தது. அது போதாது என்று நினைத்தார் பாப்பு. 234 சென்டிமீட்டர் டெலஸ்கோப்பை இந்தியாவிலேயே செய்யும் வேலையைத் தொடங்கினார்.

1979-ல் சர்வதேச வானவியல் சங்கத்தின் தலைவர் பதவி அவரைத் தேடி வந்தது. 1982 ஆகஸ்டு 19-ந் தேதி ஜெர்மனியில் மியூனிக் நகரில் காலமானார். அப்போது வயது 55. டெலஸ்கோப் வேலை முடிந்திருக்கவில்லை. அதன் வழியே ஒரு நட்சத்திரத்தைக்கூட அவர் பார்க்கவில்லை.

1986-ல் அதற்கு அவர் பெயரையே வைத்தார்கள். காவலூர் மலையில் அவர் பார்க்காத நட்சத்திரங்களை, அவர் பெயர் தாங்கிய டெலஸ்கோப் பார்த்தது.