எலியை மட்டுமே பார்த்த பிள்ளையும் இப்னு பதூதாவும்

உலகம் சுற்றிய பயணி என்றதும் நம்மில் பலருக்கு மார்க்கோ போலோவின் பெயர்தான் முதலில் நினைவுக்கு வரும். அவர் 1324இல் வெனிஸ் நகரில் காலமானார். அதற்கு அடுத்த ஆண்டே மொரோக்கோவின் டாஞ்சியர் நகரிலிருந்து இன்னோர் இளைஞர் புறப்பட்டார். மார்க்கோ போலோவைவிட மிக அதிகத் தூரம் சுற்றிய அந்த இளைஞர்தான் இப்னு பதூதா.

பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பாடம் ஒன்றுக்காக அவருடைய பயண நூலைப் படித்தேன். படிக்கப் படிக்க ஒரு கேள்வி என்னை விடவே இல்லை. இவர் சொல்வதை எல்லாம் நம்பலாமா? இதே கேள்வி அவர் வாழ்ந்த காலத்திலேயே எழுந்திருக்கிறது என்று பிறகு தெரிந்தபோது, அவர் மீதான ஆர்வம் இன்னும் கூடியது.

சட்டம் படித்த இளைஞர்

இப்னு பதூதா 1304ஆம் ஆண்டு பிப்ரவரியில் பிறந்தார். நீதிபதிகள் பலரைத் தந்த குடும்பம். அவரும் இஸ்லாமியச் சட்டம் படித்தார். 1325 ஜூன் மாதம், 21 வயதில், ஹஜ் செய்வதற்காகத் தன்னந்தனியாக மக்காவுக்குக் கிளம்பினார். அப்போது அவருடைய தாய், தந்தை இருவரும் உயிரோடு இருந்தார்கள். ஹஜ் முடிந்ததும் அவர் வீடு திரும்பியிருக்கலாம். ஆனால் மொரோக்கோ மண்ணை மீண்டும் மிதிக்க அவருக்கு 24 ஆண்டுகள் ஆயின.

பெரிய வணிகராகவோ இளவரசராகவோ இல்லாத ஒருவரால் இது எப்படி முடிந்தது? படித்த பட்டம் எந்தெந்த நாட்டில் செல்லும் என்று இன்று நாம் விசாரிக்கிறோம். அவர் படித்த சட்டமும் பேசிய அரபு மொழியும் மொரோக்கோவிலிருந்து சுமத்ரா வரை செல்லுபடியாயின. காதி எனப்படும் நீதிபதிகள் எல்லா ஊர்களுக்கும் தேவைப்பட்டார்கள். பயணிகள் தங்கவும் உண்ணவும் வக்ஃபு அறக்கட்டளைகள் இருந்தன.

டமாஸ்கஸ் நகரில் தாம் கண்ட ஒரு காட்சியை அவர் சொல்கிறார். ஓர் அடிமைச் சிறுவனின் கையிலிருந்து விலையுயர்ந்த சீனப் பீங்கான் தட்டு விழுந்து உடைகிறது. எஜமானரிடம் அடி விழுமே என்று நடுங்கும் அவனை, உடைந்த துண்டுகளோடு ஓர் அறக்கட்டளைக்கு அழைத்துப் போகிறார்கள். அங்கே புதுத் தட்டு வாங்கப் பணம் கொடுக்கிறார்கள். உடைந்த பாத்திரங்களுக்கென்றே அப்படி ஓர் அறக்கட்டளை அந்த ஊரில் இருந்தது.

டில்லி முதல் மதுரை வரை

1333இல் சிந்து நதியைக் கடந்த அவரை, டில்லி சுல்தான் முகமது பின் துக்ளக் நீதிபதியாக நியமித்தார். சில ஆண்டுகள் கழித்துச் சீனப் பேரரசருக்கான பரிசுகளுடன் தூதராக அனுப்பினார். கோழிக்கோட்டில் புயல் வீசி, பரிசுகளை ஏற்றிய கப்பல் மூழ்கியது. வெள்ளிக்கிழமைத் தொழுகைக்காகக் கரையில் தங்கியதால் இவர் உயிர் தப்பினார். இவருடைய உடைமைகள் இருந்த இன்னொரு கப்பலோ இவரை விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டது. வெறுங்கையோடு சுல்தான் முன் போய் நிற்க அஞ்சியவர், பின்னர் மாலத்தீவுக்குச் சென்று அங்கும் நீதிபதியானார்.

அடுத்து இலங்கை சென்று, யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்து, சிவனொளிபாத மலையில் ஏறினார். அங்கிருந்து வரும் வழியில் தமிழகக் கடற்கரைக்கு அருகே கப்பல் உடைந்தது. அப்போது மதுரையை ஆண்டவர் சுல்தான் கியாசுதீன். இப்னு பதூதாவுக்கு அவர் சகலை முறை. டில்லியில் இவர் மணந்த பெண்ணும் சுல்தானின் மனைவியும் உடன்பிறந்தவர்கள்.

உறவினர், அடைக்கலம் தந்தவர், அரசர். இருந்தும், போரில் பிடிபட்டவர்களையும் அவர்களுடைய பெண்டு பிள்ளைகளையும் அந்தச் சுல்தான் கொன்ற கொடுமையை இவர் மறைக்கவில்லை. அதைக் கண்டித்தே பதிவு செய்கிறார். மதுரையில் பரவிய கொள்ளைநோயையும் விவரிக்கிறார். தமக்கும் காய்ச்சல் கண்டபோது, நிறையப் புளியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துத் தேறியதாகச் சொல்கிறார். நம் வீட்டு அடுப்படிப் புளி 14ஆம் நூற்றாண்டு அரபு நூலில் வருவதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வியப்பும் சேர்ந்தே வந்தன.

பிறகு இந்தியாவின் மேற்குக் கடலில் கொள்ளையர்கள் அவரை மறித்து, உடுத்திய துணி தவிர ஏறக்குறைய எல்லாவற்றையும் பறித்தார்கள். அவர் எழுதி வைத்திருந்த குறிப்புகளும் அதில் போயின. அதன் பின்னும் அவர் கிழக்கு நோக்கிப் பயணம் செய்து, சுமத்ராவின் சமுத்ரா பாசாய் அரசுக்கு வந்தார். மலாக்கா நகரம் உருவாக இன்னும் அரை நூற்றாண்டு இருந்த காலம் அது. அங்கிருந்து சீனா சென்று, காகிதத்தைப் பணமாகப் புழங்குவதைக் கண்டதாகச் சொல்கிறார்.

வீடு திரும்பியபோது

1348இல் திரும்பும் வழியில் மீண்டும் டமாஸ்கஸ். முன்பு அங்கே அவர் விட்டுச் சென்ற மனைவி ஓர் ஆண் குழந்தையைப் பெற்றிருந்தார். அந்தப் பிள்ளை இறந்து 12 ஆண்டுகள் ஆகிவிட்டதை அவர் அங்குதான் அறிந்தார். தந்தை இறந்து 15 ஆண்டுகள் ஆன செய்தியும் அங்கேதான் கிடைத்தது. 1349இல் அவர் மொரோக்கோவை அடைவதற்குச் சில மாதங்களுக்கு முன், அவருடைய தாயையும் கொள்ளைநோய் கொண்டுபோய்விட்டது. பயணத்தின் விலை என்ன என்று யாராவது கேட்டால், எனக்கு இந்தப் பகுதிதான் நினைவுக்கு வரும்.

பிறகு ஸ்பெயினின் கிரானடாவுக்கும், சஹாரா பாலைவனத்தைக் கடந்து மாலிப் பேரரசுக்கும் சென்று, 1354இல் ஃபெஸ் நகருக்குத் திரும்பினார். மொரோக்கோ சுல்தான் அபூ இனான் ஆணையிட, இப்னு பதூதா வாய்மொழியாகச் சொல்ல, இப்னு ஜுஸய் என்ற எழுத்தாளர் நூலாக்கினார். 1355 டிசம்பரில் வேலை முடிந்தது. 30 ஆண்டு அனுபவங்களைப் பெரும்பாலும் நினைவிலிருந்தே சொன்னார். சில நகரங்களின் வருணனைகள் இப்னு ஜுபைர் என்ற முந்தைய பயணியின் நூலிலிருந்து எடுத்துச் சேர்க்கப்பட்டவை.

அரசவையில் எழுந்த சந்தேகம்

டில்லி சுல்தான் ஊர் திரும்பும் நாளில், யானைகள் மீது சிறு கவண்பொறிகளை ஏற்றி மக்கள்மேல் காசுகளை வீசுவார்கள் என்று இப்னு பதூதா சொன்னார். ஃபெஸ் அரசவையில் பலர் அவரைப் பொய்யர் என்று முணுமுணுத்தார்கள். பிற்காலத்தில் பெரும் வரலாற்று அறிஞராக விளங்கிய இப்னு கல்தூன் அப்போது இருபதுகளில் இருந்தார். அவருக்கும் சந்தேகம். அதை ஓர் அமைச்சரிடம் சொன்னார்.

அமைச்சர் பதிலுக்கு ஒரு கதை சொன்னார். சிறையில் அடைபட்ட ஒருவருடைய மகன் அங்கேயே வளர்ந்தான். சாப்பிடும் இறைச்சி எந்த விலங்குடையது என்று ஒருநாள் கேட்டான். தந்தை செம்மறி ஆட்டை வருணித்தார். அப்படியென்றால் அது எலி மாதிரி இருக்குமா என்று கேட்டான் பையன். பாவம், சிறையில் அவன் பார்த்த ஒரே விலங்கு எலிதான்!

நாம் பார்க்காததாலேயே ஒன்று பொய்யாகிவிடாது. ஆனால் இப்னு கல்தூன் அதோடு நிற்கவில்லை. நடக்கக் கூடியதா, கூடாததா என்று ஒவ்வொரு செய்தியையும் நிறுத்துப் பார்க்க வேண்டும் என்றும் எழுதி வைத்தார்.

அந்தத் தராசை நானும் பயன்படுத்திப் பார்த்தேன். துக்ளக் பணத்தை வாரி இறைத்ததை டில்லி வரலாற்றாசிரியர் பரணியும் எழுதியிருக்கிறார். எனவே யானைமேல் காசு வீசியது நடக்கக் கூடியதே. சொந்தச் சகலையின் கொடுமையை எழுதியதால் அவருக்கு எந்த லாபமும் இல்லை, அதனால் அதையும் நம்புகிறேன். ஆனால் வோல்கா நதிக்கரையின் பல்கார் நகருக்குப் போய் வந்ததாக அவர் சொல்லும் நாள்கணக்கு ஒத்துவரவில்லை என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அதை நான் நம்பவில்லை. இன்னொன்றும் உறுத்துகிறது. வழிநெடுக அவர் மணந்து பிரிந்த பெண்களும், வாங்கிய அடிமைகளும் ஓரிரு வரிகளில் மறைந்துபோகிறார்கள். அவர்கள் பக்கத்துக் கதையை எழுத யாருக்கும் ஆணை பிறக்கவில்லை.

இப்னு பதூதாவை நம்பலாமா என்று இப்போது யாராவது என்னிடம் கேட்டால், எந்தப் பக்கத்தில் உள்ளதை என்று திருப்பிக் கேட்பேன்.