வான்காற்றை அளந்த சாராபாய்

1963ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள். திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாக் கடற்கரையிலிருந்து மாலை 6.25 மணிக்கு ஒரு ராக்கெட் சீறி எழுந்தது. சற்று நேரத்தில், இருள் கவிந்த வானில் செம்மஞ்சள் நிற மேகம் ஒன்று நெளிந்து படர்ந்தது. தென் கேரளத்திலும், பாறசாலைக்கு அப்பால் தமிழ்நாட்டின் தென்பகுதியிலும் மக்கள் அதனை வியந்து நோக்கினர். அது மழை மேகமன்று. ராக்கெட் உமிழ்ந்த சோடிய ஆவி. நிலத்தில் பொழுது சாய்ந்துவிட்டாலும், அத்தனை உயரத்தில் கதிரவன் ஒளி இன்னும் விழுந்துகொண்டிருந்தமையால் அது ஒளிர்ந்தது. அம்முயற்சிக்குத் தலைமை தாங்கியவர் விக்ரம் சாராபாய்.

சாராபாய் 1919 ஆகஸ்டு 12 அன்று அகமதாபாத்தில் ஆலை அதிபர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். கேம்பிரிட்ஜில் பயின்றுகொண்டிருந்தபோது இரண்டாம் உலகப் போர் மூண்டது. தாயகம் திரும்பிய அவர், பெங்களூரில் சர் சி. வி. இராமனின் மேற்பார்வையில் காஸ்மிக் கதிர்களை ஆராய்ந்தார். 1947இல் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்று, அதே ஆண்டில் அகமதாபாத்தில் இயற்பியல் ஆய்வுக்கூடத்தை நிறுவினார். பாலக்காட்டுக் கல்பாத்தியில் பிறந்த வளிமண்டல அறிஞர் கே. ஆர். இராமநாதன் அதன் முதல் இயக்குநரானார். தம்மினும் ஏறத்தாழ இருபத்தாறு ஆண்டு மூத்தவரைத் தலைமையில் அமர்த்தித் தாம் உடன் உழைத்தது சாராபாயின் பெருந்தன்மை.

ராக்கெட் ஏவத் தும்பாவைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. புவியின் காந்த நடுக்கோடு அவ்வூரை ஒட்டிச் செல்கிறது. அக்கோட்டின் மேலே, 100 கிலோமீட்டருக்குச் சற்று உயரத்தில், பகற்பொழுதில் ஒரு மின்னோட்டம் பாய்கிறது. பலூன்கள் அவ்வுயரத்தை எட்டமாட்டா. செயற்கைக்கோள்களோ அவ்வளவு தாழப் பறந்து நிலைக்கமாட்டா. ராக்கெட் ஒன்றே வழி. ஆனால் அங்கே மீனவர் குடியிருப்பும், மகதலேனா மரியாள் தேவாலயமும் இருந்தன. சாராபாய் ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரேராவைச் சந்தித்து வேண்டினார். மக்கள் இசைந்து, வழிபட்ட கோயிலையும் வாழ்ந்த மண்ணையும் விட்டுக் குடிபெயர்ந்தனர். தேவாலயம் அலுவலகமாயிற்று, ராக்கெட்டின் உறுப்புகள் மிதிவண்டியிலும் சென்றன. வறுமை மிக்க நாட்டுக்கு ராக்கெட் எதற்கு என்று வினவியோரும் இருந்தனர். வானிலை அறியவும், தொலைவிலுள்ள சிற்றூர்களுக்குக் கல்வி கொண்டு செல்லவும் விண்வெளி அறிவு உதவும் என்பது சாராபாயின் உறுதியான எண்ணம். எனினும், அம்மீனவர் கொடுத்தது எளிய விலையன்று.

அந்தச் செம்மஞ்சள் மேகம் எதற்கு? கண்ணுக்குப் புலப்படாத மேற்காற்றைக் காண்பதற்கு. கன்னியாகுமரி, பாளையங்கோட்டை, கொடைக்கானல், கோட்டயம் ஆகிய இடங்களில் ஒளிப்படக் கருவிகள் காத்திருந்தன. ஒரே நேரத்தில் வெவ்வேறு ஊர்களிலிருந்து எடுத்த படங்களை ஒப்பிட்டால், மேகத்தின் ஒவ்வொரு பகுதியும் எங்கே, எவ்வளவு உயரத்தில் உள்ளது என்பது தெரியும். சற்றுப் பின்னர் எடுத்த படங்கள் அது எவ்வளவு நகர்ந்தது என்பதைக் காட்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. ஆவியின் ஒரு பகுதி 60 நொடியில் கிழக்கே 3,600 மீட்டரும் வடக்கே 4,800 மீட்டரும் நகர்ந்ததாகக் கொள்வோம். அதன் கிழக்குத் திசைவேகக் கூறு நொடிக்கு 60 மீட்டர். வடக்குக் கூறு 80 மீட்டர். அப்படியாயின் காற்றின் வேகம் 140 எனக் கூட்டிவிடலாமா? கூடாது. திருப்புறத்து வாழைத்தோட்டத்தில் கிழக்கே 6 அடியும் பின் வடக்கே 8 அடியும் நடந்தவர், புறப்பட்ட இடத்திலிருந்து நேர்கோட்டில் 14 அடி தொலைவில் இல்லை; 10 அடி தொலைவில்தான் நிற்கிறார். காற்றுக்கும் அவ்விதியே. இரு கூறுகளையும் வர்க்கப்படுத்திக் கூட்டி, வர்க்கமூலம் காண வேண்டும். 3,600உம் 6,400உம் சேர்ந்து 10,000. அதன் வர்க்கமூலம் 100. நொடிக்கு 100 மீட்டர் எனில் மணிக்கு 360 கிலோமீட்டர். புயலையும் விஞ்சும் வேகம்தான். ஆனால் அவ்வுயரத்துக் காற்று மிக மெலிந்தது, ஓர் இலையைக்கூட அசைக்காது!

காற்று மேற்கே வீசினால் கிழக்குக் கூறு கழித்தல் குறி பெறும். வர்க்கப்படுத்தும்போது அக்குறி மறைந்துவிடும். வேகம் மாறாது, திசையோ மாறிவிடும். ஆகவேதான் ஆய்வாளர் வேகத்தோடு இரு கூறுகளையும் தனித்தனியே குறித்து வைப்பர்.

1966இல் அணுசக்தி ஆணையத்தின் தலைமைப் பொறுப்பும் சாராபாயிடம் வந்தது. 1969 ஆகஸ்டு 15 அன்று இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் உருவாயிற்று. ஓய்வறியாது உழைத்த அவர், 1971 டிசம்பர் 30 அன்று கோவளத்தில் தங்கியிருந்தபோது உறக்கத்திலேயே உயிர் நீத்தார். அகவை 52. அந்தத் தேவாலயம் இன்று விண்வெளி அருங்காட்சியகமாக விளங்குகிறது.

பயிற்சி: மற்றோர் உயரத்தில் ஆவி நொடிக்கு 50 மீட்டர் மேற்காகவும் 120 மீட்டர் தெற்காகவும் நகர்ந்தது எனில், அங்கு வீசிய காற்றின் வேகம் யாது?