கூடத்தைத் திறந்த கை

திருச்சி தெப்பக்குளத்துப் பக்கம் எத்தனையோ தரம் போயிருப்பீர்கள். அங்கே 1766ல் பிரதிஷ்டையான கிறிஸ்து ஆலயத்தை ஒரு நிமிஷம் நின்று பார்த்ததுண்டா? அதைக் கட்டின தேவமனுஷன்தான் சுவார்ட்ஸ் ஐயர்.

1726ல் ஜெர்மனியில் பிறந்தவர். 1750ல் தரங்கம்பாடியில் கரையிறங்கினார். 1762ல் திருச்சிக்கு வந்தபோது அது யுத்தத்தில் அடிபட்ட ஊர். பத்து வருஷத்துக்கு முன்னேதான் ஸ்ரீரங்கம் தீவில் பிரெஞ்சுப் படை ஆங்கிலேயரிடம் சரணடைந்திருந்தது. எல்லாரும் கோட்டையைப் பிடிக்க வந்தார்கள். இவரோ ஒன்றையும் பிடிக்க வரவில்லை.

1778ல் தஞ்சாவூருக்குக் குடிபோனார். மறு வருஷம் சென்னை கவர்னர் இவரை ஹைதர் அலியிடம் சமாதானத் தூது அனுப்பினார். நம்ம ஸ்ரீரங்கத்துக்கு இல்லைங்க, மைசூர் நாட்டு ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு! ஹைதர் வழிச்செலவுக்குக் கொடுத்த 300 ரூபாயில் ஒரு காசுகூட தனக்கென்று வைக்கவில்லை. பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கே கொடுத்துவிட்டார். 1780ல் யுத்தம் மூண்டது. நாடே நடுங்கினபோதும், இவரைத் தடுக்கக்கூடாதென்று ஹைதர் உத்தரவிட்டார். ஆசையில்லாதவனை எந்தக் கயிற்றால் கட்டுவது?

ஆனால் இந்த நல்ல மனுஷனும் ஒரு தப்புக் கணக்குப் போட்டார். 1787ல் சாகும் தருவாயில் துளஜாஜி மன்னர், தத்துப்பிள்ளை சரபோஜியை இவர் கையில் ஒப்புவித்தார். பொறுப்பைத் தம்பி அமர்சிங்கிடம் கொடுக்கும்படி இவரே புத்தி சொன்னார். நடந்தது என்ன? அமர்சிங் சிங்காசனம் ஏறினார். பத்து வயசுப் பிள்ளை வெளிச்சமில்லாத கூடத்தில் அடைபட்டான், படிப்பும் போச்சு.

நமக்கென்ன என்று இவர் சும்மா இருக்கவில்லை. சென்னை சர்க்காருக்கு எழுதினார், விடாமல் வாதாடினார். 1793ல் பிள்ளையைச் சென்னைக்குப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். 1798 பிப்ரவரி 13ல் ஐயர் கண்மூடினார். அதே வருஷம் சரபோஜி ராஜாவானார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். சரபோஜி கடைசிவரை தன் முன்னோர் மதத்திலேயே இருந்தார். காப்பாற்றின உரிமையைச் சொல்லி ஐயர் அவரை வற்புறுத்தவில்லை. கூடத்திலிருந்து விடுவித்துவிட்டு மனசாட்சியைப் பூட்டினால் அது என்ன விடுதலை? அந்த ராஜாதான் தஞ்சாவூர் ஆலயத்தில் ஐயருக்குச் சலவைக்கல்லில் ஞாபகச் சின்னம் வைத்தார்.

பிரியமானவர்களே, நம் வீட்டில், நம் சொல்லால் யாராவது அடைபட்டுக் கிடக்கிறார்களா? தப்பு நம்முடையதானால், கதவைத் திறக்க வேண்டியதும் நாம்தான். இன்றைக்கே திறப்போமா?