பெட்ரோலைப் பெருக்கியவரே புகையையும் அடக்க வந்தார்: யார் இந்த யூஜீன் ஹூட்ரி?

டேஷ்போர்டில் மஞ்சள் நிற 'செக் என்ஜின்' விளக்கு எரியுது. மெக்கானிக் ஸ்கேனரை மாட்டிப் பார்க்கிறார், 'பி 0420' என்று வருகிறது. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் போயிடுச்சு, புதுசு போடணும் என்கிறார். விலையைக் கேட்டால் நமக்குத் தலை சுற்றும். உள்ளே பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் என்று விலை உயர்ந்த உலோகங்கள் இருக்கே!

அந்த டப்பாவுக்குப் பின்னால் ஒரு மனிதரின் வாழ்க்கை இருக்கிறது. வினையூக்கி ஏன் செத்துப்போகிறது என்ற ஒரே கேள்வியோடுதான் அவர் பல வருடங்கள் மல்லுக்கட்டினார். இன்றைக்கு ஒர்க்‌ஷாப்பில் நாம் கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான்.

பீரங்கி வண்டியிலிருந்து ரேஸ் காருக்கு

யூஜீன் ஹூட்ரி 1892 ஏப்ரல் 18 அன்று பாரிஸ் அருகே தொமோன் என்ற ஊரில் பிறந்தார். அப்பாவுக்கு இரும்புக் கட்டுமானத் தொழில், நல்ல வசதி. மெக்கானிக்கல் என்ஜினீயரிங் படித்து 1911இல் வகுப்பில் முதல் ஆளாக வெளியே வந்தார். முதல் உலகப்போரில் பீரங்கிப் படையில் சேர்ந்து, 1917இல் படுகாயமடைந்தார். வீர விருதும் கிடைத்தது.

போர் முடிந்ததும் அவரைப் பிடித்துக்கொண்டது ரேஸ் கார். அமெரிக்காவுக்குப் போய் ஃபோர்டு ஆலையையும் இண்டியானாபோலிஸ் பந்தயத்தையும் பார்த்துவிட்டு வந்தார். என்ஜின் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பெட்ரோல் மட்டமாக இருந்தால் 'நாக்கிங்' வரும், வேகம் ஏறாது. ஆக, பெட்ரோலைத்தான் மாற்ற வேண்டும் என்று இறங்கிவிட்டார்.

பிரான்சில் எண்ணெய் வளம் பெரிதாகக் கிடையாது. பழுப்பு நிலக்கரியிலிருந்து பெட்ரோல் எடுக்க முதலில் முயன்றார். அரசு ஆதரவோடு 1929இல் ஓர் ஆலையே ஓடியது. ஆனா செலவு கட்டுப்படியாகவில்லை, அரசு கையை விரித்துவிட்டது.

அடுத்து கச்சா எண்ணெயின் கனமான கழிவுப் பகுதிக்குத் திரும்பினார். அதைச் சூடாக்கி, சிலிக்காவும் அலுமினாவும் கலந்த ஒரு வகைக் களிமண் வழியாக அனுப்பினால் தரமான பெட்ரோல் கிடைத்தது. சிக்கல் என்னவென்றால், கொஞ்ச நேரத்திலேயே களிமண்மேல் கரி படிந்து வேலை நின்றுவிடும். வினையூக்கி செத்துப்போச்சு என்று மற்றவர்கள் விட்டுவிடக்கூடிய இடம் இது.

ஹூட்ரி விடவில்லை. களிமண் சாகவில்லை, மூச்சுத்தான் அடைத்திருக்கிறது என்று புரிந்துகொண்டார். காற்றைச் செலுத்திக் கரியை எரித்தார், களிமண் மறுபடி வேலை செய்தது. ஒரு கலனில் பெட்ரோல் உருவாகும்போதே இன்னொன்றில் கரி எரியும். பிறகு இரண்டும் வேலையை மாற்றிக்கொள்ளும். என்னைக் கேட்டால் இவர் வாழ்க்கையில் பெரிய கண்டுபிடிப்பு இந்தப் 'பழுது பார்க்கும்' யோசனைதான்.

1930இல் ஓர் அமெரிக்க எண்ணெய் நிறுவனம் அழைக்க, அங்கே போனார். பொருளாதார மந்தம், பணத் தட்டுப்பாடு எல்லாம் தாண்டி, 1937இல் பென்சில்வேனியாவின் மார்கஸ் ஹூக்கில் சன் ஆயில் ஆலை தினமும் 12,000 பீப்பாய் எண்ணெயை அவர் முறையில் சுத்திகரிக்கத் தொடங்கியது. அதில் ஏறத்தாழ பாதி, உயர் ஆக்டேன் பெட்ரோலாக வந்தது. இரண்டாம் உலகப்போரில் நேச நாடுகளின் விமானங்களுக்கான எரிபொருள் தயாரிப்பில் இந்த முறைக்குப் பெரிய பங்கு உண்டு. ஹிட்லருக்கு இணங்கிப்போன விஷி அரசை அவர் வெளிப்படையாக எதிர்த்தார். அதனால் 1941இல் பிரெஞ்சுக் குடியுரிமை பறிபோனது, அடுத்த வருடம் அமெரிக்கக் குடிமகனானார்.

காரியம் கெடுத்த ஈயம்

போருக்குப் பிறகு லாஸ் ஏஞ்சலிஸைப் புகைமூட்டம் மூடியது. வாகனப் புகைக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் தொடர்பு இருக்குமோ என்ற கவலை ஹூட்ரிக்கு. தன் பெட்ரோலில் ஓடிய கார்களும் அந்தப் புகையில் சேர்த்திதானே! 1950 வாக்கில் 'ஆக்ஸி கேட்டலிஸ்ட்' என்ற நிறுவனம் தொடங்கி, புகையில் மிஞ்சும் எரியாத பெட்ரோலையும் கார்பன் மோனாக்சைடையும் வினையூக்கியால் எரித்துவிடும் கருவிகளை உருவாக்கினார். 1956இல் காப்புரிமையும் கிடைத்தது.

ஆனா கார்களில் அது நிலைக்கவில்லை. நாக்கிங்கைத் தடுக்க அன்று பெட்ரோலில் ஈயச் சேர்மம் கலப்பார்கள். அந்த ஈயம் வினையூக்கிமேல் படிந்து மூடிவிடும். கரியை எரித்துத் துரத்தலாம், ஈயத்தை என்ன செய்வது? இந்த முறை அவரிடம் வழியில்லை. 1962 ஜூலை 18 அன்று, 70 வயதில் காலமானார். 1970இல் வந்த காற்று மாசுச் சட்டத்தின் நெருக்கடியால்தான் 1975 மாடல் அமெரிக்க கார்களில் கன்வெர்ட்டரும், அதற்காகவே ஈயமில்லா பெட்ரோலும் வந்தன. இந்தியாவில் 1995 ஏப்ரலில் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களின் புதுக் கார்களுக்கு இது கட்டாயமானது.

சரி, நம்ம காருக்கு வருவோம்

ஈயம் ஒழிந்தாச்சு, வேறு எமன்கள் இருக்கின்றன. ஸ்பார்க் பிளக்கோ இக்னிஷன் காயிலோ சரியில்லாமல் வண்டி 'மிஸ்ஸிங்' ஆனால், எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரியும். அந்தச் சூட்டில் தேன்கூடு மாதிரியான பீங்கான் உருகி அடைத்துக்கொள்ளும். வண்டியில் பிக்கப் இருக்காது. என்ஜின் ஆயிலைக் குடிக்கிற வண்டி என்றால், அதிலுள்ள பாஸ்பரஸ் அந்தக் கால ஈயத்தின் வேலையைச் செய்யும். தட்டினால் உள்ளே கலகலன்னு சத்தம் வந்தால் பீங்கான் உடைந்திருக்கிறது, அதற்கு மாற்றுவது ஒன்றே வழி.

பி 0420 வந்தாலே கன்வெர்ட்டர் போச்சு என்று அர்த்தம் இல்லீங்க. அதற்கு முன்னும் பின்னும் இருக்கும் ஆக்சிஜன் சென்சார்களின் அளவை ஒப்பிட்டுத்தான் கார் அந்தக் கோடைக் காட்டுகிறது. சைலென்சர் பைப்பில் ஓட்டை இருந்தாலும், பின்பக்க சென்சார் சோர்ந்திருந்தாலும் அதே கோடு வரலாம். எனவே முதலில் லீக், பிளக், காயில், ஆயில் குறையும் அளவு, சென்சார் இவ்வளவையும் பார்க்கச் சொல்லுங்க. கன்வெர்ட்டர் உண்மையிலேயே போயிருந்தாலும், அதைக் கெடுத்த மிஸ்ஸிங்கைச் சரிசெய்யாமல் புதுசை மாட்டினால் அதுவும் அதே கதிக்குத்தான் ஆளாகும்.